நள்ளிரவில் ஒரு பெரிய திடல்

இத்தாலி என்றதும் நம்மில் பலருக்கு ரோமாபுரியும் சாய்ந்த கோபுரமும்தான் நினைவுக்கு வரும். நானும் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவற்றைத்தான் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் தங்கை மகள் மேற்படிப்புக்காகப் பொலோனியா என்னும் நகரத்துக்குப் போன பிறகுதான் அப்படியோர் ஊர் இருப்பதே எனக்குத் தெரிந்தது. அவள் படிக்கும் பல்கலைக்கழகம் 1088-ஆம் ஆண்டில் தொடங்கியது என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் மலாக்கா என்று ஓர் அரசு தோன்றுவதற்கும் முன்னால்!

சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் பள்ளி விடுமுறைகளில் மூன்று முறை போய் வந்துவிட்டேன். அதனால் அந்த நகரின் நடுவில் இருக்கும் பெரிய திடல், நம் தோட்டத்துப் பெரட்டுக் களம் போல எனக்குப் பழகிப்போன இடம். 'பியாட்சா மாஜோரே' என்று பெயர். பெரிய சதுக்கம் என்றுதான் பொருள். ஒரு பந்துத் திடல் அளவு இருக்கும். நான்கு பக்கமும் பழைய கட்டடங்கள்.

பகலில் பார்த்தால் அது சுற்றுலாக்காரர்களின் இடம். அதன் உண்மையான முகத்தைப் பார்க்க வேண்டுமானால் இரவு பதினொன்றரை மணிக்கு மேல் போக வேண்டும், வாசகர்களே. இந்த முறை ஊர் திரும்புவதற்கு முந்திய இரவு, "பெரியம்மா, தூக்கம் வரலைன்னா ஒரு நடை போய்ட்டு வரலாமா?" என்று பிள்ளை கேட்டாள். குளிர் எலும்பு வரை இறங்கியது. இரண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

திடல் வரைக்கும் கூரைக்கு அடியிலேயே நடந்து போகலாம். நம் பட்டணங்களில் கடைகளுக்கு முன்னால் 'காக்கி லீமா' நடைபாதை இருக்கிறதல்லவா? அதையே தூண் வைத்து, வளைவு வைத்து, ஊர் முழுக்க இழுத்துவிட்டால் எப்படி இருக்கும்? நகரம் முழுவதும் சேர்த்து 62 கிலோமீட்டர் என்கிறார்கள். 2021-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அந்த வளைவுகளின் கீழே அட்டையை விரித்துப் படுத்திருக்கும் வீடற்றவர்களையும் அன்றிரவு பார்த்தோம். அழகான ஊர் என்று எழுதும்போது இதை மறைத்துவிடக் கூடாது.

திடலில் பத்து இருபது பேர்தான் இருந்தார்கள். ஒரு பக்கத்தில் புனித பெத்ரோனியோ ஆலயம் மலை போல நின்றது. 1390-இல் கட்டத் தொடங்கினார்கள். முகப்பு இன்னும் முடியவில்லை. கீழே பாதி வரை வெள்ளையும் சிவப்புமாகச் சலவைக்கல். அதற்கு மேலே பூசாத வெறும் செங்கல். ரோமாபுரியின் புனித பீட்டர் ஆலயத்தைவிடப் பெரிதாகக் கட்ட எண்ணினார்கள், போப்பாண்டவர் தடுத்துவிட்டார் என்று ஊரார் சொல்லிக்கொள்கிறார்கள். முடியாத வேலையை அறுநூறு ஆண்டுகளாக மூடி மறைக்காமல் நடு ஊரில் வைத்திருக்கும் அந்த மனசு எனக்குப் பிடித்திருக்கிறது.

கோடைக்காலத்தில் இதே திடலில் பெரிய திரை கட்டி இரவு நேரத்தில் பழைய படங்களை இலவசமாகக் காட்டுகிறார்கள். ஒரு காலத்தில் நம் தோட்டங்களில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்டார்களே, பாயைச் சுருட்டிக்கொண்டு போய் இடம் பிடித்தோமே, அதே கதைதான்!

அங்கிருந்து நான்கு எட்டு வைத்தால் கடல் தெய்வமான நெப்டியூனின் வெண்கலச் சிலை. கையில் மூன்று முனைச் சூலம். மசராத்தி கார்களில் இருக்கும் சூலச் சின்னம் இங்கிருந்து போனதுதான். அந்த நிறுவனம் 1914-இல் இந்த ஊரில்தான் பிறந்தது.

சிலைக்கு எதிரே உள்ள சுவரைப் பற்றித்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அந்தச் சுவர் நிறைய மனித முகங்கள். கையகலப் படங்கள், இரண்டாயிரத்துக்கும் மேல். 1943 முதல் 1945 வரை அந்த நகரம் ஜெர்மானியப் படைகளின் பிடியிலும் அவர்களோடு சேர்ந்த பாசிஸ்டுகளின் பிடியிலும் இருந்தது. எதிர்த்தவர்களில் சிலரை இந்தச் சுவரோரமாகவே நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். 1945 ஏப்ரல் 21-ஆம் தேதி ஊர் விடுதலை அடைந்தது. அன்றே பெண்கள் தங்கள் பிள்ளைகள், கணவன்மார்களின் படங்களையும் பூக்களையும் கொண்டுவந்து இங்கே வைக்கத் தொடங்கினார்கள். பெண் போராளிகளும் இதில் உண்டு. இர்மா பந்தியேரா என்பவர் 29 வயதில் பிடிபட்டு, எத்தனை சித்திரவதை செய்தும் தோழர்களைக் காட்டிக்கொடுக்காமல் 1944 ஆகஸ்டில் உயிர் விட்டவர்.

முதல் இரண்டு முறையும் பகல் கூட்டத்தில் அந்தச் சுவரைக் கடந்து போயிருக்கிறேன். அன்றிரவு யாரும் இல்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். எல்லாம் கல்யாணத்துக்கோ வேலைக்கோ எடுத்த சாதாரணப் படங்கள். அப்போது எங்கள் பாட்டி நினைவு வந்துவிட்டது. அவருடைய அண்ணனை 1943-இல் ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனான். போனவர் போனவர்தான். ஒரு படம்கூடக் கிடையாது. "மூக்கு உன்னோடது மாதிரிதான் இருக்கும்" என்று பாட்டி என்னிடம் சொல்லுவார். எங்கள் குடும்பத்தில் அவருக்கு இருக்கும் படம் என் மூக்குதான்.

பிள்ளை ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, திடலின் இன்னொரு பக்கத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே பழைய ஆட்சி மாளிகையின் அடியில் ஒரு வளைவுக் கூடம். அதன் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து முணுமுணுத்தால், குறுக்கே எதிர் மூலையில் இருப்பவருக்கு அது தெளிவாகக் கேட்கும். ஒலி வளைவான கூரையைத் தொற்றிக்கொண்டே போவதுதான் காரணம். தொழுநோயாளிகள் தூர நின்று பாவ மன்னிப்புக் கேட்பதற்காக வைத்தது என்றும் ஒரு கதை உண்டு.

நான் ஒரு மூலை, அவள் ஒரு மூலை. ஒருவருக்கொருவர் முதுகு. ஏதோ வேடிக்கையாகச் சொல்லப் போகிறாள் என்று காதைச் சுவரில் வைத்தேன்.

"பெரியம்மா, எனக்கு இங்கேயே வேலை கெடைச்சிருக்கு. அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும்."

பக்கத்தில் நின்று சொல்வது போல அவ்வளவு சுத்தமாகக் கேட்டது. முகத்துக்கு நேரே சொல்ல முடியாமல், மூன்று வாரம் மனசில் வைத்திருந்து, கடைசி இரவில் கல்லிடம் சொல்லியிருக்கிறாள். என் தங்கை விடியற்காலையில் பால் வெட்டப் போய் அவளைப் படிக்க வைத்தவள். படிப்பு முடிந்தால் பிள்ளை வீடு வந்துவிடும் என்று நாள்காட்டியில் கோடு போட்டுக்கொண்டிருப்பவள். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. சுவரைப் பார்த்தபடியே கேட்டேன்.

"எத்தனை வருஷத்துக்கு?"

"ரெண்டு. அதுக்கப்புறம் தெரியலை."

'தெரியலை' என்று உண்மையைச் சொன்னாளே, அதற்காக அவளைத் திட்ட மனசு வரவில்லை.

"நான் சொல்றேன். ஆனா இப்பவே நாம ஒரு படம் எடுக்கணும்" என்றேன்.

ரோஜாப்பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு வங்காளதேசத்து இளைஞனைக் கூப்பிட்டோம். நான் மலேசியா என்றதும் அவன் முகம் மலர்ந்து, "அப்பா கபார்?" என்றான். ஜொகூரில் செம்பனைத் தோட்டத்தில் நான்கு வருடம் வேலை செய்தவனாம்! விற்காத பூவில் ஒன்றைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் படம் எடுத்தான். காசு வாங்க மறுத்துவிட்டான். மணி ஒன்றாகப் போகிறது, அவன் இன்னும் சாப்பிடவில்லை என்றான்.

படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். என் தங்கை அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். "பிள்ளை கொஞ்சம் இளைச்சிருக்கா, வரட்டும்" என்றாள். வேலை விஷயத்தை நான் இன்னும் சொல்லவில்லை. அவளும் இந்த இதழைத் தவறாமல் படிப்பவள். இது அச்சாகி வருவதற்குள் சொல்லிவிட வேண்டும்.