கண்ணின் உள்நீரும் ஒரு சொட்டு மருந்தும்

சுங்கை ஆயர் தாவார் என்னும் மலாய்ப் பெயருக்கு நன்னீர் ஆறு என்பது பொருள். கடலோரத் தாழ்நிலமாகிய இப்பகுதியில் தென்னையோ செம்பனையோ நிலைக்க வேண்டுமாயின் முதலில் நீர் வடிய வேண்டும். கான் அடைபட்டால் வேர் அழுகும் என்பதைத் தோட்டத் தொழிலாளி எவருக்கும் சொல்லத் தேவையில்லை. நமது கண்ணிலும் இவ்வாறே ஒரு நீரோட்டம் உண்டு.

கண்ணின் முற்பகுதியில் தெளிந்த நீரொன்று ஓயாது சுரக்கின்றது. இது கண்ணீரினின்றும் வேறானது. கருவிழிக்குப் பின்னுள்ள தசை வளையத்தில் ஊறி, கண்மணித் துவாரத்தின் வழியே முன்வந்து, ஓரத்திலுள்ள சல்லடை போன்ற வடிகாலில் இறங்கி இரத்தத்திற் கலக்கின்றது. வடிகால் தடைப்பட்டு ஊற்று மட்டும் குறையாதிருப்பின் கண்ணுள் அழுத்தம் ஏறும். பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை இயல்பென்பர். மிகுந்த அழுத்தம் பார்வை நரம்பின் இழைகளைச் சிறிது சிறிதாக அழிக்கும். இதுவே கிளௌகோமா என்னும் கண் அழுத்த நோய். பெரும்பாலும் இதில் வலியில்லை; முதலில் ஓரப் பார்வை தேயும்; நடுப்பார்வை நெடுநாள் நிற்கும். ஆதலின் நோயாளி அறியான். சென்னையை அடுத்த கிராமங்களில் நடத்தப்பெற்று 2005இல் வெளியான ஆராய்ச்சியில், இந்நோயின் பெருவகை கண்டோருள் நூற்றுக்கு 98 பேருக்கு மேல் அதனை முன்னர் அறிந்திருக்கவில்லை.

நிற்க, எமது பெரியப்பா ஒருவர், பால்வெட்டி முதுமையடைந்தவர், இந்நோய்க்கெனத் தந்த சொட்டு மருந்தை மூன்று திங்கள் விட்டுப் பார்த்து, "பார்வை ஒரு நூலளவும் தெளியவில்லையே" என்று நிறுத்திவிட்டார். மறு ஆண்டு சோதித்தபொழுது இடக்கண்ணின் ஓரப் பார்வை மேலும் சுருங்கியிருந்தது. உறவினர் விதியென்றனர். மருந்து என்ன செய்யும் என்பதை மட்டும் எவரும் அவருக்கு எடுத்துரைக்கவில்லை.

அவருக்குத் தந்தது டிமோலால். 1978இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நீர் சுரக்கும் அணுக்களைத் தூண்டும் நரம்புச் செய்தி சென்று சேரும் வாயிலில் இம்மருந்து அமர்ந்துகொள்ளும். தூண்டுதல் குன்ற, ஊற்றும் குன்றும். 1996இல் அங்கே அனுமதி பெற்ற லாட்டனோபுரோஸ்டோ, தசையிழைகளுக்கிடையே செல்லும் மற்றொரு வடிவழியைத் தளர்த்தி நீரை வெளியேற்றும். முன்னது மடையைச் சுருக்குவது. பின்னது வாய்க்காலை அகட்டுவது. இறந்துபட்ட நரம்பை எழுப்பும் ஆற்றல் இரண்டிற்கும் இல்லை. ஆகவே, நேற்றுக் கண்டதை இன்றும் காண்பதே இம்மருந்தின் பயன். நாள்தோறும் விட்டாலன்றி அழுத்தம் மீண்டும் ஏறும்.

இன்னொன்றும் அறியத்தக்கது. கண்ணில் விட்ட டிமோலால் மூக்கின் வழியே இரத்தத்திற் சேர்ந்து, ஆஸ்துமா உள்ளோருக்கு மூச்சை முட்டச் செய்யும்; நாடியையும் தளர்த்தும். இந்நோய்களை மருத்துவரிடம் மறைத்தலாகாது. மருந்து விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்துக் கண்முனையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்தியிருப்பின் உடலிற் சேர்வது குறையும்.

பெரியப்பா இப்பொழுது காலையும் மாலையும் தவறாது மருந்து விடுகின்றார். எஞ்சிய பார்வை எஞ்சியிருக்கின்றது. பெற்றோர்க்கோ உடன்பிறந்தோர்க்கோ இந்நோய் இருப்பின் நமக்கும் வரும் வாய்ப்பு மிகுதி. எனவே அவருடைய மக்களும், நாற்பது வயது கடந்த நம்மவர் யாவரும், கண் நன்றாய்த் தெரியும்போதே சென்று சோதித்துக்கொள்வது நலம். விதியின் மேல் பழி போட்டு அமர்ந்திருந்தால் அடைபட்ட கான் தானே திறந்துவிடுமா?