பத்து ரெய்ஸ் பத்திரிகை

லிஸ்பன் நகரத்தின் பைரோ ஆல்ட்டோ மேட்டில் மூச்சிரைக்க ஏறி நின்றபோது சாயங்காலம் ஐந்து மணி. சந்துமுனைச் சுவரில் தெருவின் பெயர்: 'ருவா தோ தியாரியோ தெ நோத்தீசியாஸ்'. 'தியாரியோ தெ நோத்தீசியாஸ்' என்ற நாளிதழின் பெயரையே தெருவுக்கு வைத்துவிட்டார்கள். பத்திரிகை வளர்ந்த பேட்டை இது. இப்போது மருந்துக்கும் அச்சு மை வாசம் இல்லை. மதுக்கடைகளும் 'பாதோ' என்னும் போர்த்துகீசியப் பாட்டுகள் பாடும் உணவகங்களும்தான். ராத்திரி பத்துக்கு மேல்தான் தெரு கண் விழிக்கும் என்றான், நாற்காலிகளை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த பையன்.

பக்கத்திலேயே சாவோ பெத்ரோ தெ அல்கந்தரா பூங்கா. நகரம் காலடியில் விரிந்து கிடக்கும். வந்தவர்கள் எல்லாம் எதிர்க்குன்றுக் கோட்டையைப் படம் பிடிக்கக் கம்பியோரம் போய்விடுகிறார்கள். பின்னால் ஒரு சிலை. உச்சியில் பத்திரிகையின் நிறுவனர் எதுவார்தோ குவெல்யோவின் மார்பளவு உருவம். கீழே, பத்திரிகை கூவி விற்கும் சிறுவன். நான் உட்கார்ந்திருந்த அரைமணியில் ஒருவர்கூட அவர்களை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

முதல் இதழ் 1864 டிசம்பர் 29 அன்று வந்தது. விலை 10 ரெய்ஸ், சில்லறைக் காசு. கட்சிச் சண்டைகளே பத்திரிகையாக இருந்த காலத்தில், எல்லோருக்கும் புரியும் நடையில் செய்தி எழுதி, அதைத் தெருவில் கூவி விற்கச் செய்தவர் குவெல்யோ. விற்ற பையன்களுக்கு 'அர்தினா' என்று பெயர். எழுத்தறியாதவர்களே மிகுந்திருந்த நாடு அது. அவர்களுக்கு அந்தக் கூவல்தான் தலைப்புச் செய்தியாக இருந்திருக்கும்.

1870 கோடையில் இந்தப் பத்திரிகையில் ஒரு வேடிக்கை நடந்தது. முகமூடி ஆட்கள் கடத்தினார்கள், பூட்டிய வீட்டில் பிணம் கிடந்தது என்று ஆசிரியருக்குக் கடிதங்கள் வரிசையாக வெளிவந்தன. படித்தவர்களில் பலர் நிஜமென்றே நம்பிப் பதறினார்கள். எழுதியவர்கள் எஸ்ஸா தெ கெய்ரோஸ், ரமால்யோ ஒர்த்திகாவோ என்ற இரண்டு எழுத்தாளர்கள். கடைசிக் கடிதத்தில்தான் குட்டை உடைத்தார்கள். இன்றைக்கு அப்படிச் செய்தால் வழக்குப் போடுவார்கள். (யாரும் கவனிக்காமலே விட்டாலும் விடலாம்.)

1975-இல் இதே பத்திரிகையில் துணை இயக்குநராக இருந்தவர் எழுத்தாளர் ஜோஸே சரமாகோ. அந்த நவம்பரின் அரசியல் புயலில் வேலை போனது. இனி எழுத்தே பிழைப்பு என்று உட்கார்ந்தார். 1998-இல் நோபல் வந்தது. பத்திரிகை ஓர் ஆசிரியரை இழந்ததில் உலகத்துக்கு லாபம்.

லிபர்தாதே நிழற்சாலையில் 1940-இல் கட்டிய அலுவலகத்தையும் போய்ப் பார்த்தேன். 2016-இல் பத்திரிகை அதைவிட்டு வெளியேறியது. இப்போது அடுக்குமாடி வீடுகள். 2018-இல் அச்சிதழ் வாரத்துக்கு ஒன்றாகச் சுருங்கி, 2020 டிசம்பர் 29 அன்று, பிறந்த நாளிலேயே, மறுபடி நாளிதழானது.

மறுநாள் காலை ஒரு காப்பிக்கடை. மேடையில் கிடந்தது வேறு பத்திரிகை: 1979-இல் தொடங்கிய 'கொரெய்யோ தா மன்யா', கொலையும் கால்பந்தும் விற்கும் தினசரி. கோப்பையின் அடிவட்டம் முதல் பக்கத்தில் பழுப்பாகப் பதிந்திருந்தது. ஒரு பெரியவர் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டினார். முடித்ததும் மடித்து, கேட்காமலே பக்கத்து ஆளிடம் நகர்த்தினார். நான் காப்பி குடித்து முடிப்பதற்குள் அதே பிரதி நாலு கை மாறிவிட்டது. வாங்கியவர் கடைக்காரர் ஒருவர்தான்.

லிஸ்பன் போகிறவர்கள் அந்தப் பூங்காவில் ஒரு நிமிடம் கோட்டைக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். அந்தப் பையன் அங்கேதான் இருக்கிறான்.