பழைய துப்பாக்கியின் பெறுமதி

பழமைக்கு ஒரு மயக்கும் ஆற்றல் உண்டு. புதிதாய் வாங்கிய பொருளைக் கண்டால், "இது எதற்கு உதவும்?" என்று வினவும் நாமே, நூறாண்டுப் பழமை உடையது என ஒருவர் கூறக் கேட்டால் அவ்வினாவை மறந்து, "இது என்ன விலை பெறும்?" என்று வினவத் தொடங்கிவிடுகிறோம். பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் பழம்பொருள்களுக்குக் குறைவில்லை. 1972 ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டமும் 1975 ஆம் ஆண்டின் திருத்தமும் பெருந்தோட்டங்களை அரசுடைமை ஆக்கிய காலத்தில், எஞ்சியிருந்த வெள்ளைத் துரைமாரும் மூட்டை கட்டினர். அவர்கள் விட்டுச் சென்ற சுவர்க் கடிகாரம், பீங்கான் தட்டு, பித்தளை விளக்கு முதலியவற்றை இன்றும் சில வீடுகளிற் காணலாம். அத்தகைய ஒரு பொருளைப் பற்றி அண்மையில் நம்மிடம் ஒரு வினா வந்தது. அப்பொருள் கடிகாரமும் அன்று, விளக்கும் அன்று. அது ஒரு சுழல் துப்பாக்கி. 'ரிவோல்வர்' என்று பலரும் வழங்குவது.

நாம் கல்லூரியில் இரசாயனவியல் கற்பிப்பவர். உலோகம் பற்றிய ஐயம் என்றால் பழைய மாணவர்கள் இன்றும் நம்மைத் தேடி வருவதுண்டு. அவ்வாறு வந்த இளைஞர் ஒருவர் தமது கைபேசியிற் சில படங்களைக் காட்டினார்.

"சேர், எங்கள் தாத்தா பங்களாவில் அப்புவாக வேலை செய்தவர். அவர் காலமான பிறகு தகரப் பெட்டியின் அடியில் இது கிடைத்தது. 1920 ஆம் ஆண்டில் செய்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றும், வெளிநாட்டவரிடம் ஐந்து இலட்சத்துக்கு விற்றுத் தருவதாகவும் ஒரு தரகர் சொல்கிறார். அத்தாட்சிப் பத்திரம் எடுப்பதற்கு முப்பதாயிரம் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா, சேர்?"

ஏழு பேர்ச் காணியில் அவர் தாயார் கட்டத் தொடங்கிய வீடு கூரையின்றி நிற்பதை நாம் அறிவோம். ஆதலின் இதனை விளையாட்டு வினாவாகக் கொள்ள இயலவில்லை. "முதலில் அதனை எவரும் தொடவேண்டாம், விசையை இழுத்துப் பார்க்கவும் வேண்டாம். உள்ளே குண்டு இருக்கிறதா என்பதை யார் அறிவார்?" என்று எச்சரித்துவிட்டு, படங்களைப் பெரிதாக்கி நோக்கினோம்.

துருவேறா உருக்கின் கதையே துப்பாக்கியிற் தொடங்குகிறது என்பதைப் பலர் அறியார். இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் ஹரி பிரியர்லி என்னும் ஆய்வாளர், விரைவில் தேய்ந்துபோகாத துப்பாக்கிக் குழலுக்கு ஏற்ற உருக்கைத் தேடிக்கொண்டிருந்தார். 1913 ஆம் ஆண்டில், நூற்றுக்குச் சுமார் 13 பங்கு குரோமியம் சேர்ந்த உருக்கு ஒன்று அமிலங்களுக்கு எளிதில் இரங்கவில்லை என்பதைக் கண்டார். குரோமியம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு கூடி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாய் உருக்கைப் போர்த்துக் காக்கிறது. கீறல் விழுந்தாலும் அப்படலம் மீண்டும் தானே உண்டாகும். ஆயினும் அந்த உருக்கு முதலிற் புகழ் பெற்றது போர்க்களத்தில் அன்று. உணவு மேசைக் கத்தியிலேதான். துப்பாக்கிக்காகத் தேடப்பட்டது சமையலறையிற் குடிபுகுந்தமை வரலாற்றின் இனிய விந்தைகளுள் ஒன்று.

துருவேறா உருக்கினால் ஆன சுழல் துப்பாக்கி சந்தைக்கு வருவதற்கோ அதன்பின் அரை நூற்றாண்டு கழிய வேண்டியிருந்தது. அமெரிக்காவின் சிமித் அன்ட் வெசன் நிறுவனம் 1965 ஆம் ஆண்டில் வெளியிட்ட 60 ஆம் இலக்க மாதிரியே அவ்வகையில் முதலாவதாகக் கொள்ளப்படுகிறது. எனவே '1920 ஆம் ஆண்டு', 'ஸ்டெயின்லெஸ்' என்னும் இரண்டையும் தரகர் ஒரே மூச்சிற் கூறும்போதே அவர் கூற்று தளர்ந்துவிடுகிறது. ஆண்டு மெய்யாயின் உலோகம் பொய். உலோகம் மெய்யாயின் ஆண்டு பொய்.

அப்படியாயின் அந்த வெண்மை எங்கிருந்து வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சாதாரண உருக்கின்மேல் நிக்கல் முலாம் பூசும் வழக்கம் இருந்தது. நிக்கலின் ஒளியில் இளமஞ்சட் சாயல் தோன்றும். துருவேறா உருக்கு சற்றே சாம்பல் கலந்த வெண்மையுடையது. முலாம் விளிம்புகளிற் செதில் செதிலாய் உரியும். உரிந்த இடத்திற் செந்துரு எட்டிப் பார்க்கும். நம் மலைநாட்டு மூடுபனியும் அடைமழையும் அதற்குத் துணை செய்யும். இளைஞர் காட்டிய படத்தில் குழலின் வாயருகே அத்தகைய செதில்களும் பழுப்புப் புள்ளிகளும் தெளிவாய்த் தெரிந்தன. உடலில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து வெப்ளி நிறுவனத்தின் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தது.

காந்தத்தை வைத்துப் பார்த்தால் தெரியாதா எனச் சிலர் வினவலாம். எவர்சில்வர்ப் பாத்திரங்களுட் பலவற்றிற் காந்தம் ஒட்டாது என்பது மெய்யே. அவற்றில் குரோமியத்தோடு நிக்கலும் கலந்துள்ளது. ஆனால் கத்திக்கும் துப்பாக்கிக்கும் பயன்படும் கடினப்படுத்தத்தக்க துருவேறா உருக்கிற் காந்தம் ஒட்டும். ஆதலின் அச்சோதனை இங்கே செல்லாது.

பழந்துப்பாக்கிகளை மதிப்பிடுவோர் வேறு சிலவற்றையும் நோக்குவர். செய்தவர் பெயர், சோதனைச் சாலையின் முத்திரை, தொடரிலக்கம் ஆகியவை தெளிவாய் உள்ளனவா? இலக்கம் பல உறுப்புகளிற் பொறிக்கப்பட்டிருப்பின் அவை ஒத்துள்ளனவா? எழுத்துகளின் விளிம்பு கூர்மையாய் உள்ளதா, அன்றி மெருகேற்றித் தேய்ந்ததா? திருகாணித் தலைகள் சிதைந்துள்ளனவா? குழலின் உட்புறத்துச் சுருள் வரிகள் தேயாமல் உள்ளனவா? உருளையின் ஒவ்வோர் அறையும் குழலோடு நேர்பட்டு நிற்கிறதா? இத்துறையில் மெருகிட்ட புதுப்பொலிவு விலையைக் கூட்டாது, பெரும்பாலும் குறைக்கும். தேய்ந்த பழைய மேனியே நம்பத்தக்க சாட்சி. இன்னாரிடம் இருந்தது என்னும் கதைக்கும் எழுத்துச் சான்று வேண்டும். சான்றில்லாக் கதைக்கு அறிந்தவர் எவரும் காசு கொடார்.

எனினும் இவ்வாராய்ச்சி அனைத்தும் அனுமதிப்பத்திரம் உடையவருக்கே பொருந்தும். இலங்கையில் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் பின்னர் வந்த திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் உள்ளது. அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம்; தண்டனையும் கடுமையானது. பாட்டன் பெட்டியில் இருந்தது என்பதனால் அது பேரனுக்கு உரிமையாகிவிடாது. உரிமையில்லாத பொருளை விற்கவும் இயலாது. வாங்க வருபவனும் நேர்மையாளனாய் இருத்தல் அரிது. ஐந்து இலட்சம் என்றது கானல் நீர். முப்பதாயிரம் என்றது தூண்டில்.

இதனைக் கேட்ட இளைஞரின் முகம் வாடிற்று. "அப்படியென்றால் இதற்குப் பெறுமதியே இல்லையா, சேர்?" என்றார்.

விலை வேறு, பெறுமதி வேறு. துப்பாக்கி என்னும் சொல் மலையகத்தார் செவியில் எவ்வாறு ஒலிக்கும் என்பதை நாம் நினைத்துப் பார்க்கவேண்டும். 1940 ஆம் ஆண்டு சனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் குண்டுக்கு இரையானார் கோவிந்தன். 1977 ஆம் ஆண்டு மே மாதத்தில், தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் டெவன் தோட்டத்தில் அவ்வாறே வீழ்ந்தார். இவ்விரு பெயர்களையும் அறிந்த ஒருவர் துரையின் துப்பாக்கியை வெறும் அலங்காரப் பொருளாய்க் காண்பது எளிதன்று. அதைப் பெட்டியின் அடியிற் புதைத்து, ஆயுள் முழுவதும் எவரிடமும் வாய் திறவாத அந்தப் பாட்டனார் அதனைப் பரிசாய்க் கருதினாரோ, பாரமாய்க் கருதினாரோ?

"அதை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிடாதே. முதலில் ஒரு சட்டத்தரணியைப் பார், அவர் வழியாகப் பொலிசாருக்கு அறிவி" என்று கூறி அனுப்பினோம். தாயும் மகனும் அவ்வாறே செய்தனர். தரகருக்குப் போகவிருந்த முப்பதாயிரத்துக்குக் கூரைச் சட்டங்கள் வந்து இறங்கியுள்ளன. தகரம் இனித்தான் வாங்க வேண்டும். தாயார் சில நாள் மகனோடு பேசவில்லையாம். ஐந்து இலட்சம் என்ற சொல்லைக் கேட்ட காது அதை எளிதில் மறக்குமா? அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை.

மாணவச் செல்வங்களுக்கு ஒன்று கூற விரும்புகிறோம். பழம்பொருள் ஒன்று கைக்கு வந்தால் மூன்று வினாக்களை வரிசை மாறாமல் கேளுங்கள். இது மெய்யாகவே என்ன? இதை வைத்திருக்க எனக்கு உரிமை உண்டா? இது எதற்கு உதவியது? விலையைப் பற்றிய வினா இவற்றின் பின்னரே வரட்டும்.

தோட்டங்களில் ஆயுத பூசையன்று கலைமகள் படத்தின் முன்னே கவ்வாத்துக் கத்திகளைக் கழுவி, சந்தனமும் குங்குமமும் இட்டு வைப்பர். சாணையிற் தீட்டித் தீட்டிப் பாதியாய்த் தேய்ந்த கத்திகளும் அவற்றுள் உண்டு. அவற்றைக் கொள்ள எந்தத் தரகரும் வருவதில்லை. ஆனால் இப்பள்ளத்தாக்கின் தேயிலைச் செடிகள் ஆண்டுதோறும் புதுத்தளிர் விடுவது அந்த உருக்கினாலேதான்.