தேர் வரும் வாசல்

திருவரங்கத்தில் கோயிலுக்குள்ளேயே ஊர் இருக்கிறது. ஏழு திருச்சுற்றுகளுள் வெளிப்புற மூன்றும் மக்கள் குடியிருக்கும் வீதிகள். 236 அடி இராஜகோபுரம் 1987இல்தான் நிறைவுற்றது. வீதிகளோ மிகப் பழையவை.

சித்திரை வீதியில் பழைய வீடொன்றின் உட்புறத்தைத் திருத்தியமைக்கும் பயிற்சிக்காகக் கட்டடக்கலை மாணவி ஒருத்தி வந்தாள். திண்ணையை அகற்றி, ஓர் அறை சேர்த்து வரைந்தாள். வரைபடத்தில் குறையேதும் இல்லை.

சித்திரைத் தேரன்று அதே திண்ணையில் நின்றாள். நடக்க இயலாத முதியவர்கள் நால்வர் விடியலிலிருந்தே அங்கு அமர்ந்திருந்தனர். தேர் வாசலுக்கே வந்தது. நம்பெருமாளை இருந்த இடத்திலிருந்தே சேவித்தனர். வீதி ஏன் அத்தனை அகலம், திண்ணை ஏன் அந்த உயரம் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கிற்று.

மறுவாரம் புதிய வரைபடம் தந்தாள். அறை சிறுத்திருந்தது, மதிப்பெண்ணும் சற்றுக் குறைந்ததாம். திண்ணை அப்படியே இருந்தது.