புதுச்சேரியில் வாடகை வீடு தேடினேன்... அம்மா வைத்த பருப்புப் பரீட்சை!

"பாண்டிச்சேரிக்கு மாத்திட்டாங்களா? குடுத்து வெச்சவடி நீ!"

2025 ஜூன் மாதம், இனிமேல் புதுச்சேரியில் இருந்துதான் செய்தி அனுப்ப வேண்டும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அன்றைக்கு என்னுடன் டிப்ளமோ படித்த தோழிகள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்ன வார்த்தை இது. கடற்கரை, மஞ்சள் சுவர், காகிதப்பூ, ஃபில்டர் காபி. அவர்கள் மனதில் ஓடிய ரீல்ஸ் எனக்கும் தெரிந்தது.

துறையூரில் இருந்த அம்மாவிடம் போனில் சொன்னேன். "அங்க தண்ணி எப்படி?" என்றுதான் முதலில் கேட்டார்.

அப்பா இறந்து 2 வருடம் ஆகிறது. எனக்கு வேலை கிடைத்த பிறகும், "உன் ரூம்ல வந்து நான் என்ன பண்றது?" என்று அம்மா ஊரிலேயே இருந்துவிட்டார். ஜாக்கெட் தைக்கிற அம்மாவுக்கு அந்தத் தெருவே வாடிக்கை. இந்த முறை நான் விடவில்லை. "வீடு எடுத்துட்டுக் கூப்பிடறேன், வா" என்றேன். நீண்ட யோசனைக்குப் பிறகு 3 நிபந்தனைகளோடு சம்மதம் வந்தது. கீழ் வீடாக இருக்க வேண்டும், ஆள் நடமாடுகிற தெருவாக இருக்க வேண்டும், தண்ணீரில் பருப்பு வேக வேண்டும்.

மூன்றாவதுதான் சுலபம் என்று அப்போது நினைத்தேன்.

எங்கள் அலுவலக அறை புஸ்ஸி வீதியில் இருக்கிறது. லால் பகதூர் சாஸ்திரி வீதி என்று பெயர் மாற்றி எத்தனையோ வருடமாகியும் ஆட்டோக்காரர்களுக்கு அது புஸ்ஸி வீதிதான். நடந்து போகிற தூரத்தில் வீடு கிடைக்குமா என்று புரோக்கர் அண்ணன் ஒருவரிடம் கேட்டேன். பட்ஜெட்டைக் கேட்டார். 8,000 என்றேன். "மாசத்துக்கா மேடம்? ஒயிட் டவுன்ல சனி, ஞாயிறுக்கே சில வீட்டுல அது பத்தாது" என்று சிரித்தார்.

அவர் சிரித்ததில் தப்பில்லை. பிரெஞ்சுக்காரர்கள் போட்ட பழைய நகரம் முட்டை வடிவத்தில், நான்கு புறமும் புல்வார் சாலைகளுக்குள் அடங்கிவிடுகிறது. நடுவே பெரிய வாய்க்கால். அதற்குக் கடல் பக்கம் வெள்ளையர் பகுதி, இந்தப் பக்கம் தமிழர் பகுதி. கடல் பக்கத்து வீடுகள் பல இப்போது ஹோம் ஸ்டே. வாரக் கடைசியில் பெங்களூரு, சென்னை கார்கள் வந்து நிற்கும் வீதியில் சம்பளக்காரர்களுக்கு வீடு கிடைக்காது. ரசிக்கிற ஊர் வேறு, குடியிருக்கிற ஊர் வேறு. குடியிருக்கிற ஊர் புல்வாருக்கு வெளியேதான் இருக்கிறது. லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டை, நெல்லித்தோப்பு, முதலியார்பேட்டை, ரெட்டியார்பாளையம் என்று பேட்டையும் பாளையமுமாக விரிகிறது.

லாஸ்பேட்டையில் நல்ல வீடு ஒன்று கிடைத்தது. பிரெஞ்சு கவர்னர் ஜான் லா பெயரில் வந்த பேட்டை என்று சொல்கிறார்கள். கல்லூரிகள், மைதானம், மரங்கள் என்று எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. இரண்டாவது மாடியில், காற்றோட்டமாக இருந்தது. வீடியோ காலில் அம்மாவுக்குக் காட்டினேன். பால்கனியைக் காட்டினேன், அலமாரியைக் காட்டினேன். அம்மா எதுவும் சொல்லவில்லை. கடைசியில், "ரெண்டு மாடி ஏறி வந்து யாருடி ஜாக்கெட் தைக்கக் குடுப்பா?" என்றார்.

வெட்கமாகிவிட்டது. நான் எனக்கு வீடு தேடிக்கொண்டிருந்தேன். அம்மாவை உட்கார வைக்க ஒரு அறை தேடினேனே தவிர, அம்மாவின் தொழிலுக்கு ஒரு வாசல் தேடவில்லை.

அடுத்து கிழக்குக் கடற்கரைச் சாலை பக்கம் ஒரு கீழ் வீடு. வாடகை 6,500தான். தனி வாசல், வாசலில் திண்ணை மாதிரி இடம். அம்மாவின் மெஷினை அந்த இடத்தில் மனதிலேயே போட்டுவிட்டேன். உள்ளே புது பெயின்ட். ஆனால், சுவரில் என் இடுப்பு உயரம் வரை ஒரு நிறம், அதற்கு மேல் சற்று வேறு நிறம். டிசைன் என்றார் வீட்டுக்காரர்.

செய்திக்குப் போகிற இடத்தில் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருவது தொழில் பழக்கம். எதிர்வீட்டு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஆயாவிடம் போய் உட்கார்ந்தேன். "டிசைனா? அது ஃபெஞ்சல் போட்ட டிசைனும்மா" என்றார்.

2024 நவம்பர் 30 இரவு, புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழையைக் கொட்டிவிட்டுப் போனது. கிருஷ்ணா நகரில் ராணுவம் இறங்கி, வீடுகளுக்குள் சிக்கியவர்களைப் படகில் மீட்டது. ரெயின்போ நகரில் தண்ணீர் நிற்பது எல்லா மழைக்காலத்திலும் வருகிற செய்தி. சங்கராபரணியில் வெள்ளம் வந்தபோது வில்லியனூர், அரியாங்குப்பம் பக்கத் தாழ்வான இடங்களும் தப்பவில்லை. இதையெல்லாம் திருச்சி டெஸ்க்கில் உட்கார்ந்து நானே செய்தியாக அடித்திருக்கிறேன். அந்த ஊரில், அந்தச் சுவருக்கு முன்னால் நிற்கும்போது அது நினைவுக்கு வரவில்லை பாருங்கள்!

அன்றிலிருந்து எந்த வீட்டைப் பார்த்தாலும் வீட்டுக்காரரைக் கேட்பதற்கு முன் எதிர்வீட்டில் கேட்டேன். "டிசம்பர்ல தண்ணி எந்தப் படி வரைக்கும் வந்துச்சு?" வீடு தேடுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே உபதேசம் இதுதான். அதே தெருவுக்கு ராத்திரி பத்தரை மணிக்கும் ஒருமுறை போனேன். என் வேலைக்குத் திரும்புகிற நேரம் அது. பகலில் சாதுவாக இருந்த ஒரு தெருமுனை, ராத்திரியில் மதுக்கடைக் கூட்டத்தால் வேறு முகம் காட்டியது. புதுச்சேரியில் இதைப் பார்க்காமல் வீடு எடுக்கக் கூடாது.

வீட்டுக்காரர்கள் என்னைக் கேட்ட கேள்விகள் தனி. "கல்யாணம் ஆகலையா?" "ராத்திரி எத்தனை மணிக்கு வருவீங்க?" "பத்திரிகைன்னா போலீஸ், கேஸ்னு வீட்டுக்கு ஆள் வருவாங்களா?" ஒருவர் சுற்றி வளைத்து, "நீங்க எந்தப் பக்கத்து ஆளுங்க?" என்றார். திருச்சி பக்கம் என்றேன். "அது இல்லம்மா..." என்று இழுத்தார். நான் வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

அன்று சாயங்காலம் ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் உள்ள பாரதியார் நினைவில்லத்துக்கு ஒரு செய்திக்காகப் போயிருந்தேன். 1908-ல் பிரிட்டிஷ் போலீசிடம் இருந்து தப்பி வந்த பாரதியும் இந்த ஊரில் வாடகைக்குத்தான் இருந்தார். வேலையே பத்திரிகைதான். விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்ற பட்டப்பெயர் கொண்ட வீட்டுக்காரரைப் பற்றி வ.ரா. எழுதியிருக்கிறார். வாடகை வாங்க வருவாராம், பாரதி பாடுவதைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பாராம், வாடகை கேட்காமலேயே எழுந்து போய்விடுவாராம். 10 வருடம் பாரதி இந்த ஊரில் தாக்குப்பிடித்ததில் அந்தச் செட்டியாருக்கும் பங்கு உண்டு என்று தோன்றியது. எனக்குப் பாட வராது.

ஜூலை பிறந்துவிட்டது. "17-ம் தேதி ஆடி பொறக்குது. ஆடியில நான் குடி வர மாட்டேன்" என்று அம்மா காலண்டரைப் பார்த்துச் சொல்லிவிட்டார். கையில் இரண்டு வாரம் இருந்தது. விடுதி அறையில் நான், ஊரில் அம்மா.

அப்போதுதான் முத்தியால்பேட்டையும் கோட்டக்குப்பமும் வந்தன. மணிக்கூண்டைத் தாண்டி வடக்கே போனால் முத்தியால்பேட்டை எப்போது முடிகிறது, கோட்டக்குப்பம் எப்போது தொடங்குகிறது என்று புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாது. அதே சாலை, அதே மாதிரி கடைகள்தான். ஆனால், அது எல்லை. இந்தப் பக்கம் புதுச்சேரி யூனியன் பிரதேசம், அந்தப் பக்கம் தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். புதுச்சேரி ஒரே துண்டாக இல்லை. பல்கலைக்கழகம் இருக்கிற காலாப்பட்டுக்குப் போக வேண்டுமென்றால், புதுச்சேரியில் கிளம்பி, தமிழ்நாட்டைக் கடந்து, மறுபடியும் புதுச்சேரிக்குள் நுழைய வேண்டும். பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் ஊர் ஊராகப் பிடித்த கணக்கு, இன்றைக்கு ரேஷன் கார்டு வரை நீள்கிறது.

முத்தியால்பேட்டையில் ஒரு கீழ் வீடு 8,000. கோட்டக்குப்பத்தில் ஏறத்தாழ அதே மாதிரி வீடு 6,500. எனக்கு முத்தியால்பேட்டைதான் பிடித்தது. அலுவலகம் பக்கம், முகவரியில் 'புதுச்சேரி' என்று வரும். வாடகை வித்தியாசத்தைச் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு அம்மாவிடம் சொன்னேன்.

"அங்க வந்தா என் கார்டு என்னாகும்?"

"இங்க புதுசா எழுதிக்கலாம்மா."

"அப்ப என் ஆயிரம் ரூபா?"

தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய் அம்மாவுக்கு வருகிறது. தமிழ்நாட்டு ரேஷன் கார்டை ஒப்படைத்துவிட்டு வந்தால் அது நின்றுவிடும். "அந்த ஆயிரத்தை நான் தர்றேன்மா" என்றேன். பெரிய மனதோடு சொன்னதாக எனக்கு நினைப்பு.

கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. பிறகு அம்மா சொன்னார். "உங்கப்பா இருந்தவரைக்கும் அவரு குடுத்தாரு. இப்ப நீ குடுக்குற. அது ஒண்ணுதான்டி யாரும் குடுக்காம என் பேருக்கு வர்றது. பேங்க்ல இருந்து மெசேஜ் வரும்ல, அதை நான் படிப்பேன்."

இலவசம், அரசுக்குச் செலவு என்று விவாதிக்கிறவர்களுக்கு ஆயிரம் வாதம் இருக்கலாம். அந்த மெசேஜை அம்மா எழுத்துக்கூட்டிப் படிப்பதைப் பார்த்தவள் நான். கோட்டக்குப்பம் என்று அன்றே முடிவாகிவிட்டது.

ஆனால், பருப்பு இன்னும் மிச்சம் இருந்தது. உப்புத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது, வெந்தாலும் மசியாது. கடலை ஒட்டிய ஊர் என்பதால் போர் தண்ணீரில் அம்மாவுக்கு நம்பிக்கையே இல்லை. "பாட்டில்ல பிடிச்சுட்டுப் போயி வேக வெச்சுப் பாரு" என்று உத்தரவு. விடுதியில் சமைக்கத் தடை என்பதால், கூட வேலை செய்யும் அக்கா வீட்டுக்கு 2 தண்ணீர் பாட்டில்களோடு போனேன். ஒன்றில் போர் தண்ணீர், இன்னொன்றில் நகராட்சிக் குழாய்த் தண்ணீர். 4 விசில். போர் தண்ணீரில் பருப்பு முழுசு முழுசாக என்னைப் பார்த்தது. குழாய்த் தண்ணீரில் கரண்டி பட்டதும் குழைந்தது. படம் எடுத்து அனுப்பினேன். "குழாய்ல தினமும் வருதான்னு கேளு" என்று பதில் வந்தது. பாஸ் போட மனசே இல்லை அம்மாவுக்கு!

இந்த ஊரில் தண்ணீருக்கென்று ஒரு மண்டபமே இருக்கிறது. பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபம், முத்திரப்பாளையத்தில் இருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்ததன் நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் கட்டியது. ஆயி என்ற பெண், தன் வீட்டை இடித்துவிட்டு அந்த இடத்தில் குளம் வெட்டினாள் என்பது கதை. அம்மாவுக்குச் சொன்னேன். "அவளுக்கு இடிக்க வீடு இருந்துச்சு" என்றார்.

கோட்டக்குப்பத்தில் கடலை ஒட்டி இன்னும் மலிவாக ஒரு வீடு இருந்தது. அலைச் சத்தம் கேட்கும். ஆசைதான். ஆனால், 1980-களின் கடைசியில் தெற்கே துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர் கட்டிய பிறகு, வடக்கு நோக்கி நகர்கிற மணல் அங்கேயே நின்றுவிட்டது. நகரத்தின் கடற்கரை கரைந்தது. அங்கே பாறை கொட்டினார்கள். அரிப்பு வைத்திக்குப்பம், சோலை நகர் என்று மேலே மேலே நகர்ந்து கோட்டக்குப்பத்து மீனவர் தெருக்களுக்கும் வந்துவிட்டது. சுற்றுலாப் பயணிகள் செல்ஃபி எடுக்கிற பாறைகள் அலங்காரத்துக்குப் போட்டவை அல்ல. அலைச் சத்தம் வேண்டாம் என்று கடலில் இருந்து தள்ளி, பள்ளிவாசலுக்குப் பக்கத்துத் தெருவில் உள்ள வீட்டையே எடுத்தோம்.

வீட்டுக்கார அம்மா கேட்டது ஒரே கேள்வி. "அம்மா தையல் வேலையா? சுடிதார் தைப்பாங்களா?"

தனி மீட்டர் இருக்கிறதா என்று நானும் கேட்டுவைத்தேன். 2025-ல் தமிழ்நாட்டில் 2 மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தது. பொது மீட்டர் வீடுகளில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரரே வாங்கிக்கொள்வார், இலவசம் நமக்கு வராது. அம்மாவின் மெஷின் மோட்டாரில் ஓடுவதால் இது சின்ன விஷயம் இல்லை.

ஆடி முடிந்து, ஆவணி இரண்டாவது வாரம் பால் காய்ச்சினோம். மெஷின், இஸ்திரிப் பெட்டி, அப்பா படம், 2 மூட்டை துணி. முதல் வாரம் யாரும் வரவில்லை. அம்மா கதவைத் திறந்து வைத்து, மெஷினில் பழைய தலையணை உறையைத் தைத்துக்கொண்டே இருந்தார். மெஷின் சத்தம் தெருவுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக என்று பிறகுதான் புரிந்தது. எட்டாம் நாள், மீன் கூடையோடு போன அக்கா ஒருவர் நின்று, "ஃபால்ஸ் அடிப்பியா?" என்று கேட்டார்.

இப்போது என்னைவிட அம்மாவுக்குத்தான் இங்கே ஆள் பழக்கம். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் துணி குவியும் தெரு. பெட்ரோல் புதுச்சேரியில் சில ரூபாய் குறைவு என்பதால் அலுவலகம் போகும்போது அங்கேயே போட்டுக்கொள்கிறேன். நான் வண்டியை எடுத்தால், "பாத்துடி, ஸ்டேட் தாண்டிப் போற" என்பது அம்மாவின் தினசரி கிண்டல். மழைக்காலத்தில் தண்ணீர் முதல் படி வரை வந்தது, இரண்டாம் படி ஏறவில்லை. எதிர்வீட்டில் சொன்னது சரிதான்.

ஒரு கவலை மட்டும் இருக்கிறது. வீட்டு ஒப்பந்தம் 11 மாதம். அது முடிவது ஜூலை கடைசியில். வாடகையை ஏற்றுவார்களோ, காலி பண்ணச் சொல்வார்களோ என்று போன வாரம் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா பட்டன் கட்டிக்கொண்டே நிமிராமல் சொன்னார்.

"ஜூலை கடைசி ஆடிடி. ஆடியில யாரும் யாரையும் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க. கையெழுத்துப் போடும்போதே பாத்துட்டேன்."