கை மாறிய மெஷின்

பாலக்காடு மாவட்டத்தின் முதலமடையில் இருபது ஆண்டுகளாக மாமரமும் ரப்பரும் அறுத்துவந்த ஒருவர், தம் சங்கிலி ரம்பத்தை விற்க முடிவு செய்தார். வாங்க வந்தவர் இடுக்கி மாவட்டத்து மறையூரைச் சேர்ந்த இளைஞர். இரண்டும் கேரள ஊர்கள். இரண்டிலும் தமிழ் வழங்குகிறது. ஆயினும் இவற்றுக்கிடையிலான வழி கோவிந்தாபுரத்தில் எல்லை கடந்து, பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை சென்று, சின்னாறு சரணாலயத்தின் ஊடாகத்தான் மீண்டும் கேரளத்துள் ஏறுகிறது. விலைப்பேச்சின் முடிவில் இந்த வழியே முக்கியமாயிற்று.

விற்பனைக்கு வந்தது ஸ்டில் எம்.எஸ். 382: 72.2 சி.சி., 3.9 கிலோவாட், பாரும் சங்கிலியும் நீங்கலாக 6.2 கிலோ. இளைஞரின் மனமோ ஹஸ்க்வர்னா 372 எக்ஸ்.பி.யில் இருந்தது. அது 70.7 சி.சி.; ஆற்றலிலும் எடையிலும் பெரிய வேறுபாடில்லை. "உங்க ஊர்ப்பக்கம் எதுக்கு ஸ்பேர் கிடைக்குதோ அதை வாங்கு தம்பி" என்றார் பெரியவர். எம்.எஸ். 661 பற்றியும் பேச்சு வந்தது. 91.1 சி.சி., 5.4 கிலோவாட், பெருமரத்துக்கு ஏற்றது. ஆனால் 7.4 கிலோ. சரிவில் நின்று நாள் முழுதும் யூக்கலிப்டஸ் அறுப்பவருக்கு அந்தக் கூடுதல் எடை மாலையில் தோளில் தெரியும்.

இளைஞர் சைலன்சரைக் கழற்றி, துவாரத்தின் வழியே பிஸ்டனைப் பார்த்தார். நெடுக்குக் கீறல் இல்லை. லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில் என்ற அளவு தவறாமல் ஓடிய மெஷின் அது. 22,000 ரூபாய்க்குச் சம்மதித்தார்.

அப்போதுதான் பெரியவர், கேட்கப்படாத இரண்டைச் சொன்னார். "பிரேக் சரியாப் பிடிக்காது தம்பி. அதிர்வு ரப்பரும் போயிருச்சு."

பாரின் நுனியில் மேற்பகுதி மரத்தில் பட்டால் மெஷின் அறுப்பவரை நோக்கி எகிறும். அந்த நொடியில் சங்கிலியை நிறுத்துவது பிரேக் மட்டுமே; அதன் பட்டை தேய்ந்திருந்தால் முகமோ கழுத்தோதான் தடுப்பு. ரப்பரின் குறை இவ்வளவு விரைவாகத் தெரியாது. பெரியவர் தொழில் பழகியது அதிர்வடக்கும் அமைப்பும் பிரேக்கும் இல்லாத பழைய ஸ்டில் 070-இல். நீண்டகால அதிர்வு விரல்களின் நரம்பையும் ரத்தக்குழாயையும் கெடுக்கும். இன்று அவரால் சட்டைப் பொத்தானைப் போட முடிவதில்லை. மரத்துப்போன விரல்கள் என்கிறோம். அந்த வினைக்குள் மரம் இருப்பதை இவர் கையைப் பார்த்த பிறகு மறப்பது கடினம். விற்பதற்கான காரணமும் அந்தக் கைதான்.

விலை 19,000 ஆயிற்று. குறைந்த 3,000 பிரேக்குக்கும் ரப்பருக்கும் என்றும், அவற்றை மாற்றாமல் மரத்தருகே போகக்கூடாது என்றும் பேச்சு.

மீதமிருந்தது தாள். 1961-ஆம் ஆண்டு கேரள வனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வனக்குற்றம் நடந்ததாக நம்பக் காரணமிருந்தால் மரத்தோடு கருவியையும் வாகனத்தையும் கைப்பற்ற இடமளிக்கிறது. சந்தனக்காடுள்ள மறையூருக்கு, சரணாலயத்தின் வழியே, வேறொருவர் பெயரில் பில் உள்ள ரம்பத்தைச் சாக்கில் கொண்டுபோவது எளிதில் சந்தேகத்துக்கு உள்ளாகும். நாளை அந்த மெஷின் தவறான மரத்தின் அருகே பிடிபட்டால், முதலில் தேடப்படுபவர் பில்லில் பெயருள்ள பெரியவராகவும் இருக்கலாம்.

எனவே மெஷினில் பொறித்த எண்ணைப் பார்த்து விற்பனைச் சீட்டு எழுதினார்கள். பெரியவர் பள்ளியில் கற்றது மலையாளம். சின்னாற்றுச் சாவடிக்காக அதில் ஒன்று அவர் எழுதினார். தமிழ்நாட்டுச் சாவடிகளுக்காகத் தமிழில் ஒன்று இளைஞர் எழுதினார். இரண்டிலும் தேதியிட்டுக் கையெழுத்துப் போடப் பெரியவருக்கு நெடுநேரமாயிற்று. பேனாவை விரல்கள் உணரவில்லை. இடக்கையால் வலக்கை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இளைஞர் அவசரப்படுத்தவில்லை. பில்லையும் சீட்டுகளையும் சட்டைப்பையில் வைத்து, டேங்கிலிருந்த பெட்ரோலை வடித்துவிட்டுப் புறப்பட்டார். பொள்ளாச்சியில் இறங்கியதும் முதலில் பிரேக் பட்டைதான் வாங்குவதாகச் சொல்லிப்போனார்.