பாலைவனத்தில் ஒரு வெந்நீர்க் குளம்

தென் ஆஸ்திரேலியாவின் ஊட்னடாட்டா என்ற சிற்றூரில் 1960 ஜனவரி 2 அன்று வெயில் 50.7 டிகிரி செல்சியஸைத் தொட்டது. இந்த நாட்டில் அதற்கு மேல் பதிவானதில்லை. அங்கிருந்து வடக்கே ஏறக்குறைய 180 கிலோமீட்டர் மண்சாலையில் போனால், சிம்ப்சன் பாலைவனத்தின் ஓரத்தில் டல்ஹௌசி வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. ஜூலை விடுமுறையில் நம் சபை வாலிபர்கள் ஒன்பது பேர் இரண்டு வண்டிகளில் போய்வந்தோம்.

கோடையில் அந்தப் பக்கம் போவது ஆபத்து. பக்கத்திலுள்ள பாலைவனப் பூங்காவை டிசம்பர் முதல் மார்ச் நடுப்பகுதி வரை மூடிவிடுகிறார்கள். குளிர்காலமானாலும் ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து லிட்டர் தண்ணீர் கொண்டுபோனோம். வழியில் டயர் வெடித்தது. அதை மாற்றி முடிக்கும்வரை ஒரு வண்டிகூட எங்களைக் கடக்கவில்லை. "வண்டி நின்றுபோனால், அதைவிட்டு நடக்காதீர்கள்" என்று கூட வந்த அண்ணன் மூன்று முறை சொன்னது ஏன் என்று அப்போது புரிந்தது. இந்த நாட்டின் பாலைவனங்களில் உதவி தேடி வெயிலில் நடந்தவர்கள் இறந்திருக்கிறார்கள்.

விடியற்காலையில் கை விறைத்தது. குளத்தின்மேல் ஆவி எழுந்துகொண்டிருந்தது. இறங்கினால், அம்மா விளாவி வைத்த வெந்நீர்போல இதமான சூடு! சின்ன மீன்கள் காலைக் கொறித்தன. நாங்கள் போட்ட கூச்சலில் தூங்கிக்கொண்டிருந்தவர்களும் எழுந்துவிட்டார்கள். உலகில் வேறெங்கும் இல்லாத மீன் இனங்கள் இந்த ஊற்றுகளில் வாழ்கின்றன. அதனால் சோப்பு, ஷாம்பு கூடாது. தலைக்கு வைத்த எண்ணெயையும் முதலிலேயே கழுவிவிட்டோம்.

இங்கே எரிமலை இல்லை. ஆஸ்திரேலியாவின் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலான நிலத்தின் அடியில் கிரேட் ஆர்டீசியன் பேசின் என்ற நீர்ப்படுகை பரந்திருக்கிறது. மழைநீர் அதில் இறங்கி, மிக மெதுவாக நகர்ந்து, ஆழத்தில் சூடேறி, பாறைப் பிளவு வழியே மேலே வருகிறது. படுகையின் சில இடங்களில் உள்ள நீருக்கு வயது பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் என்று விஞ்ஞானிகள் கணக்கிடுகிறார்கள்.

அரண்ட, வாங்கங்குரு மக்கள் தலைமுறை தலைமுறையாக இந்த ஊற்றுகளை அறிந்தவர்கள். ஆனால் 1878 முதல் இந்தப் படுகையில் ஆழ்துளைக் கிணறுகள் தோண்டி, தண்ணீரைத் திறந்த வாய்க்கால்களில் ஓடவிட்டார்கள். பெரும்பகுதி ஆவியாகி வீணானது. நிலத்தடி அழுத்தம் குறைந்து, பல ஊற்றுகள் வற்றின. பின்னர்தான் கிணறுகளுக்கு மூடியும் குழாயும் வந்தன. நாம் யாரும் காணாத மழையின் தண்ணீர் அது. ஒரு தலைமுறை அதை வீணாக்கியது. இன்னொரு தலைமுறை மூடி போட்டுக் காக்கிறது. நாம் எந்தப் பக்கம்?

அடுத்த ஆண்டு போகிற தம்பி தங்கைகளே, உதிரி டயர் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் புட்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.